வானத்தில் தெரிகிற சாமிக்குக் கோயில் எதற்கு?

சிவன் கோயிலுக்குப் போனால் நவக்கிரகத்தைச் சுற்றாமல் வருகிறவர்கள் குறைவு. சனீஸ்வரருக்கு எள் விளக்கு, குருவுக்குக் கொண்டைக்கடலை மாலை, ராகு கேதுவுக்கு ஒரு கும்பிடு, ஒன்பது சுற்று, அவ்வளவுதான். நடுவில் கிழக்கே பார்த்து, இரண்டு கையிலும் தாமரையோடு நிற்கிறவரை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. மற்ற எட்டுப் பேரும் சூழ நிற்க, நடுவிடம் அவருக்குத்தான். அவர்தான் சூரியன்.

அவருக்கென்று தனிக்கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். பாடப்புத்தகப் புண்ணியத்தில் கோனார்க் என்ற பெயர் வரும். கும்பகோணத்துப் பக்கத்து ஆள் என்றால் சூரியனார்கோயில் என்பார். அதோடு சரி. சிவனுக்கும் பெருமாளுக்கும் அம்மனுக்கும் ஊருக்கு ஊர் கோயில் இருக்க, இவருக்கு மட்டும் ஏன் விரல்விட்டு எண்ணுகிற அளவு?

நியாயமான பதில் ஒன்று உண்டு. இவர் கண்கண்ட தெய்வம். பொங்கலன்று வாசலில் பானையை இறக்கி, நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டால் போதும். நடை சாத்துகிற நேரம் பார்க்க வேண்டியதில்லை. வேத காலத்திலும் அப்படித்தான். காயத்ரி மந்திரம் சவிதா என்ற பெயரில் சூரியனைத்தான் வேண்டுகிறது. ஆற்றங்கரையில் நின்று, இரு கையாலும் நீர் அள்ளி விட்டால் வழிபாடு முடிந்தது. கோயிலும் இல்லை, சிலையும் இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, இவருக்கு ஏன் கோயில் குறைவு என்பதையல்ல. கூரை போட்டு, கல்லில் முகம் செதுக்கி இவரை உள்ளே வைக்க வேண்டும் என்று யாருக்கு, எப்போது தோன்றியது என்பதைத்தான்.

சௌரம் என்றொரு சமயம்

ஆதிசங்கரர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆறு சமயங்களில் சைவமும் வைணவமும் நமக்குத் தெரியும். சாக்தம், காணாபத்யம், கௌமாரம் ஆகியவற்றையும் ஓரளவு கேட்டிருப்போம். ஆறாவது சௌரம், சூரியனையே முழுமுதற் கடவுளாகக் கொண்டது. மற்ற ஐந்தும் ஏதோ ஒரு வடிவில் இன்றும் நடமாடுகின்றன. சௌரம் மட்டும் தனிச் சமயமாக நிலைக்காமல் கரைந்துபோனது. பெருமாளோடு சேர்ந்து சூரிய நாராயணர் ஆனார். சிவனோடு சேர்ந்து சிவசூரியன் ஆனார். சோதிடத்தோடு சேர்ந்து ஒன்பதில் ஒருவர் ஆனார். இந்தியா முழுக்க ஆங்காங்கே இடிந்தும் இடியாமலும் நிற்கிற சூரியன் கோயில்களில் பெரும்பாலானவை அந்தச் சமயம் செழித்திருந்த நாட்களின் மிச்சம்.

நம் பக்கத்திலும் அது இருந்திருக்கிறது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கோயில்களை வரிசையாகச் சொல்லும் இடத்தில் ‘உச்சிக்கிழான் கோட்டம்’ என்று ஒன்றைக் குறிப்பிடுகிறது. உச்சிக்கு உரியவன், நடுப்பகல் வானத்துக்குச் சொந்தக்காரன். சூரியனுக்குத் தமிழில் பரிதி, கதிரவன், பகலவன், ஆதவன் என்று எத்தனையோ பெயர் உண்டு. கோயில் வாசலில் எழுத உச்சிக்கிழான் போல் கம்பீரமானது வேறில்லை என்பது என் கட்சி.

கல்வெட்டுச் சான்றோடு கிடைக்கும் பழைய சூரியன் கோயில்களில் ஒன்றைக் கட்டியவர்கள் அரசர்கள் அல்லர், பட்டு நெசவாளர்கள். இன்றைய மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் கிடைத்த கல்வெட்டு அது. குஜராத் பக்கத்து லாட தேசத்திலிருந்து குடிபெயர்ந்து வந்த நெசவாளர் கூட்டம் கி.பி. 436 வாக்கில் தங்கள் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பியது. பிறகு அது பழுதுபட, 473 வாக்கில் திருப்பணியும் செய்தது. வத்ஸபட்டி என்ற கவிஞர் அந்தக் கதையைச் செய்யுளாக எழுதிக் கொடுத்திருக்கிறார். நடுவே, எவ்வளவு அழகும் இளமையும் இருந்தாலும், பட்டு உடுத்தாமல் ஒரு பெண் காதலனைப் பார்க்கப் போகமாட்டாள் என்று ஒரு பாட்டு. சாமி காரியத்தோடு வியாபாரத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார்கள். கோயில் இன்று இல்லை, கல்வெட்டு இருக்கிறது.

பூட்ஸ் போட்ட சாமி

சூரியன் சிலையை எப்படி அடையாளம் காண்பது? இரண்டு கையிலும் தாமரை என்பதுதான் முதல் குறி. அதற்கு அடுத்தபடியாகக் காலைப் பாருங்கள்.

தமிழ்நாட்டுச் சூரியன் வெறுங்காலோடு நிற்பார். தாமரை ஏந்திய கைகள் தோள் உயரத்துக்கு இருக்கும். மேலுடம்பில் ஆபரணமும் பூணூலும்தான். வட இந்தியச் சூரியனோ முழங்காலை நெருங்கும் உயரத்துக்குப் பூட்ஸ் போட்டிருப்பார்! இடுப்பில் பட்டை, பழைய சிலைகளில் முழு அங்கியும் உண்டு. இந்துக் கோயிலில் செருப்பை வாசலில் விடுகிற நமக்கு, கருவறைச் சாமியே பூட்ஸோடு நிற்பது முதல் பார்வையில் தூக்கிவாரிப்போடும்.

இது சிற்பியின் குறும்பு அல்ல. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையே, சூரியனுக்கு வடநாட்டார் உடை உடுத்தி, பாதம் முதல் மார்பு வரை மூடியிருக்க வேண்டும் என்று விதிக்கிறது. வடநாடு என்றால் இங்கே கைபர் கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த சகர், குஷாணர் போன்றவர்களின் குளிர் தேசம். அவர்கள் வழியில் ஈரானிய மித்திர வழிபாடும் இங்கே வந்து நம்முடைய சூரியனோடு கலந்தது. குஷாண அரசர் கனிஷ்கரின் காசுகளில் மித்திரரின் பெயர் திரிந்த ‘மிரோ’ என்ற பெயரோடு சூரியக் கடவுள் இருக்கிறார். சூரியன் இடுப்பில் கட்டும் பட்டையை வடமொழி நூல்கள் அவ்யங்கம் என்கின்றன; பார்சிகள் அரையில் கட்டும் புனித நூலின் பழைய ஈரானியப் பெயரோடு அது ஒத்துப்போகிறது.

இந்த வரலாற்றைப் புராணம் தன் பாணியில் சொல்கிறது. கிருஷ்ணருக்கும் ஜாம்பவதிக்கும் பிறந்த சாம்பனுக்குச் சாபத்தால் குஷ்டம் வந்தது. சந்திரபாகை நதிக்கரையில் சூரியனை வழிபட்டுக் குணமானான். நன்றிக்கடனாகக் கோயில் கட்டினான். ஆனால் சூரியனுக்குப் பூஜை செய்யத் தெரிந்தவர்கள் உள்ளூரில் இல்லை; சாகத்வீபத்திலிருந்து மகர் என்ற பூசாரிகளை அழைத்து வந்தான். பூசாரியை வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டியிருந்தது என்று புராணமே ஒப்புக்கொள்வதைக் கவனியுங்கள். அவர்கள் வழிவந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் சாகத்வீபிய அந்தணர்கள் பீகாரில் இன்றும் இருக்கிறார்கள்.

சாம்பன் கட்டியதாகச் சொல்லப்படும் கோயில் இன்றைய பாகிஸ்தானின் முல்தானில் இருந்தது. 7-ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் அங்கே பொன்னாலான சூரியன் சிலை இருந்ததாக எழுதினார். பின்னாளில், 11-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-பிரூனி தரும் விவரம் வேறு: மரச்சிலை, மேலே சிவப்புத் தோல் போர்த்தியது, கண்களில் இரண்டு மாணிக்கம். அரபு ஆட்சியாளர்கள் அந்தக் கோயிலை உடனே இடிக்கவில்லை. யாத்திரிகர் காணிக்கை வருமானம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. இந்து அரசர்கள் படையெடுத்து வந்தால் சிலையை வெளியே கொண்டுவந்து, ‘கிட்டே வந்தால் உடைத்துவிடுவோம்’ என்பார்களாம். வந்த படை திரும்பிப் போய்விடுமாம். 10-ஆம் நூற்றாண்டில் ஷியா முஸ்லிம்களில் ஒரு பிரிவினரான இஸ்மாயிலிகள் கைக்கு நகரம் வந்தபோது சிலை உடைக்கப்பட்டது.

சிலையில் இன்னும் சிலரைத் தேடலாம். தேரோட்டி அருணனுக்கு இடுப்புக்குக் கீழே உடம்பு கிடையாது. குறைப்பிறவி என்பது கதை, வைகறைச் செம்மை அரைகுறை வெளிச்சம்தானே என்பது கருத்து. வடக்குச் சிற்பங்களில் இருபுறமும் வில்லேந்திய இரண்டு பெண்கள் இருப்பார்கள். உஷா, பிரத்யுஷா. இருட்டை அம்பெய்து துரத்துகிறார்கள்.

குதிரை ஏழு என்பதற்கு வேதத்தின் ஏழு சந்தங்கள் என்று விஷ்ணு புராணம் விளக்கம் தருகிறது. ஏழு கிழமை என்பது இன்னொரு விளக்கம். வானவில்லின் ஏழு நிறத்தை நம் முன்னோர் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வாட்சப்பில் வருவதை நான் நம்புவதில்லை. புத்தகயையில் கிடைத்த, 2000 ஆண்டுக்கு மேல் பழைய கல்வேலிச் சிற்பத்தில் சூரியன் தேருக்கு நாலே குதிரைதான். ஏழு பிறகு நிலைபெற்றது.

வெளிச்சம் உள்ளே வரும் நாள்

சூரியன் கோயில் என்றதும் ‘குறிப்பிட்ட நாளில் வெயில் நேராகக் கருவறைக்குள் விழும்’ என்று சொல்வார்கள். இதில் மந்திரம் எதுவும் இல்லை. புரிந்துகொள்ள உங்கள் மொட்டை மாடி போதும்.

மார்கழியில் ஒருநாள் காலை, சூரியன் எதன் பின்னாலிருந்து எழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை என்று வையுங்கள். ஆனி மாதம் அதே இடத்தில் நின்று பாருங்கள்; தென்னையை விட்டு வெகுதூரம் இடப்பக்கம், அதாவது வடக்கே நகர்ந்து, வேறு எங்கோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உதிக்கும். உதயப்புள்ளி ஆண்டு முழுக்க இப்படித் தெற்கும் வடக்குமாக ஊஞ்சலாடுகிறது. உத்தராயணம், தட்சிணாயணம் என்பது இதைத்தான். சரியான கிழக்கில் உதிப்பது ஆண்டில் இரண்டே சமயம்: மார்ச் 20-21, செப்டம்பர் 22-23 வாக்கில். ஆகவே வாசலை மிகச் சரியாகக் கிழக்கே வைத்து, வாசல்களை ஒரே கோட்டில் அமைத்துவிட்டால், அந்த இரு சமயங்களில் வெயில் தானாக உள்ளே போகும்.

குஜராத்தின் மோதேரா கோயில் இப்படிப்பட்டது. சோலங்கி அரசர் முதலாம் பீமன் காலம். முன்னால் படிகள் அடுக்கடுக்காக இறங்கும் சூரிய குண்டம். அதன் படிகளில் சின்னச் சின்னதாக 108 சன்னதிகள். அடுத்து 52 தூண்கள் உள்ள சபா மண்டபம், அதற்குப் பின்னால் கருவறைக் கட்டடம். குளம், மண்டபம், கருவறை எல்லாம் ஒரே நூல் பிடித்தாற்போல் கிழக்கு மேற்காக. கருவறையின் பின்சுவரில் ஒரு கல்லில் விக்கிரம ஆண்டு 1083 (கி.பி. 1026-27) என்று பொறித்திருக்கிறது. ஆனால் அந்தக் கல் தலைகீழாகப் பதிந்திருக்கிறது! வேறெதிலிருந்தோ எடுத்த கல்லை மறுபடி கட்டியபோது திருப்பி வைத்திருக்க வேண்டும். அதனால் அந்த ஆண்டு கட்டியதைக் குறிக்கிறதா, இடித்ததையா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கஜினி முகமது அந்தப் பக்கம் படையெடுத்து வந்ததும் அதற்குச் சற்று முன்புதான். கருவறையில் இப்போது சிலை இல்லை. வெயில் மட்டும் வந்து போகிறது. (அதே மோதேரா கிராமம் 2022-இல் முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் ஊராக அறிவிக்கப்பட்டது.)

ஆந்திரத்து ஸ்ரீகாகுளத்தை ஒட்டிய அரசவல்லியில் வழிபாடு இன்றும் நடக்கிறது. ரதசப்தமிக்குக் கூட்டம் நெரியும். அங்கே மார்ச் 10-ஐ ஒட்டிய நாட்களிலும் அக்டோபர் 2-ஐ ஒட்டிய நாட்களிலும் காலை வெயில் மூலவரின் பாதத்தைத் தொடும். ஏன் இந்த இரண்டு தேதி? எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 2-லிருந்து, சூரியன் தெற்கு எல்லையைத் தொடும் டிசம்பர் 21 வரை 80 நாள். அங்கிருந்து மார்ச் 10 வரை 79 நாள். போகும்போது கடந்த அதே புள்ளியைத் திரும்பி வரும்போதும் கடக்கிறது. அந்தப் புள்ளி சரியான கிழக்குக்குச் சற்றே தெற்கே இருக்கிறது. தேதி இரண்டையும் சொன்னாலே கோயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வீட்டிலிருந்தபடி ஊகித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. வெயில் விழுகிற கோயிலெல்லாம் சூரியன் கோயில் ஆகாது. கும்பகோணம் நாகேஸ்வரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 தேதிகளில் கதிர் லிங்கத்தின் மீது விழுகிறது. அது சிவன் கோயில். சூரியன் அங்கே வந்து சிவனைப் பூஜிப்பதாக ஐதீகம். மூலவராகச் சூரியனே இருந்தால்தான் அது சூரியன் கோயில்.

கல்லில் ஒரு தேர்

புதிய 10 ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். அதிலிருப்பது கோனார்க்கின் சக்கரம். ஒடிசாவில், பூரிக்கு வடகிழக்கே கடலோரத்தில், கீழைக் கங்க அரசர் முதலாம் நரசிம்மதேவர் 1250 வாக்கில் கட்டியது. மற்றவர்கள் சூரியனுக்கு வீடு கட்டினார்கள். இவர் தேரைக் கட்டினார். கோயில் முழுவதும் ஒரு ரதம். 24 சக்கரங்கள், இழுக்க 7 குதிரைகள். சக்கரம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 மீட்டர் விட்டம், இரண்டு ஆள் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுத் தடித்த ஆரம், இடையிடையே எட்டு மெல்லிய ஆரம். ஆரங்களின் நடு வட்டங்களுக்குள் குட்டிக் குட்டிச் சிற்பங்கள்.

வழிகாட்டிகள் அச்சின் நடுவே விரலை நீட்டி, விளிம்பில் விழும் நிழலை வைத்து மணி சொல்லிக் காட்டுவார்கள். எட்டு ஆரம், எட்டு சாமம், ஒரு சாமத்துக்கு மூன்று மணி நேரம் என்பது கணக்கு. பார்க்கச் சுவையாகத்தான் இருக்கும். 24 சக்கரம் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது என்றும் சொல்வார்கள். சோதிடத்தில் நாளை 24 ஓரையாகப் பிரிப்பது உண்டுதான். ஆனால் 12 ஜோடி என்றால் 12 மாதம், ஜோடிக்கு ஒன்று வளர்பிறை மற்றொன்று தேய்பிறை, ஆக 24 பட்சம் என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஓர் ஆண்டு முழுவதையும் சக்கரமாக்கி ஓடவிட்டிருக்கிறார்கள்.

வழிகாட்டிகள் சொல்லும் காந்தக் கதையை மட்டும் கேட்டுவிட்டு மறந்துவிடுங்கள். உச்சியில் பெரிய காந்தக்கல் இருந்தது, கப்பல்களை இழுத்தது, அதை மாலுமிகள் பெயர்த்ததால் கோபுரம் விழுந்தது என்பதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது. ஐரோப்பிய மாலுமிகளுக்கு அது வழிகாட்டும் அடையாளமாக இருந்தது உண்மை. கறுப்புக் கோபுரம் என்று பெயர் வைத்தார்கள். பூரி ஜகந்நாதர் கோயில் வெள்ளைக் கோபுரம். கருவறை மேலிருந்த பெரிய விமானம் சரிந்துவிட்டது. கடைசியாக நின்ற துண்டும் 19-ஆம் நூற்றாண்டில் விழுந்தது. இன்று படங்களில் நாம் பார்ப்பது முன்மண்டபம்தான். அதுவும் விழுந்துவிடாமலிருக்க 1903-இல் உள்ளே மணலைக் கொட்டி நிரப்பி, வாசல்களை அடைத்தார்கள். தேருக்கு முன்னாலிருந்த அருணத் தூணை மராட்டியர்கள் 18-ஆம் நூற்றாண்டில் பெயர்த்துக்கொண்டு போய்ப் பூரிக் கோயிலின் சிங்கவாசல் முன் நட்டார்கள். எஜமானரின் கோயிலில் பூஜை நின்றுவிட்டது. தேரோட்டிக்கு ஜகந்நாதர் வாசலில் நல்ல இடம் கிடைத்தது.

விழுந்த விமானத்தின் மூன்று பக்கங்களிலும் பச்சை நிறக் கல்லில் மூன்று சூரியன்கள் இருக்கிறார்கள். தெற்கே காலைச் சூரியன், மேற்கே நடுப்பகல், வடக்கே மாலை. காலையும் பகலும் நின்றபடி. மாலைச் சூரியன் மட்டும் குதிரை மேல் ஏறிவிட்டார், வீடு திரும்புகிற ஆள்போல. மூவரையும் பார்த்துவிட்டு வந்தால்தான் கோனார்க் பார்த்ததாகக் கணக்கு.

காஷ்மீரத்து மார்த்தாண்டர் கோயிலைப் பற்றியும் இப்படி விரிவாகச் சொல்ல ஆசைதான். 8-ஆம் நூற்றாண்டில் லலிதாதித்தன் அனந்தநாக் பக்கத்து மேட்டில் கட்டியது. சுற்றிலும் 84 சிறு சன்னதிகள், நடுவே கூரை இழந்த கருவறை. உத்தராகண்டின் மலைமேல் கட்டார்மல், கேரளத்தில் கோட்டயத்துப் பக்கம் ஆதித்யபுரம், பீகாரில் தேவ் என்று பட்டியல் நீளும். தேவ் கோயில் மேற்கே பார்த்திருக்கும். சூரியனுக்கான சத் பூஜைக்கு லட்சக்கணக்கில் மக்கள் கூடி, அஸ்தமன சூரியனுக்கும் அர்க்கியம், அதாவது கையால் நீர், விடுவார்கள்.

நம்மூர் சூரியனார்கோயில்

மேற்கே பார்க்கும் இன்னொரு கோயில் நம்முடையது. கும்பகோணத்திலிருந்து சுமார் 15 கி.மீ., ஆடுதுறைக்குப் பக்கம். முதலாம் குலோத்துங்க சோழன் (1070-1120) காலத்தது. கல்வெட்டில் அதன் பெயர் குலோத்துங்கசோழ மார்த்தாண்டாலயம். சோழர் சூரிய குலம் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் சூரியனுக்குத் தனிக்கோயில் எடுக்கும் யோசனை, கன்னோசியில் ஆண்ட சூரிய பக்தர்களான ககடவாலர்களோடு குலோத்துங்கனுக்கு இருந்த தொடர்பால் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த வம்சாவளியைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கிறது.

இந்தக் கோயிலின் தலபுராணம் எனக்கு மிகவும் பிடித்தது. காலவ முனிவர் தனக்குக் குஷ்டம் வரப்போவதைத் தானே கணித்து, நவக்கிரகங்களை வேண்டித் தப்பித்துக்கொண்டார். பிரம்மாவுக்குக் கோபம். ‘அவரவர் வினைப்பயனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உங்கள் வேலை; தள்ளுபடி செய்ய யார் அதிகாரம் கொடுத்தது?’ என்று அந்த நோயைக் கிரகங்களுக்கே கொடுத்துவிட்டார். ஒன்பது பேரும் பூமிக்கு வந்து, எருக்க இலையில் தயிர்ச்சோறு சாப்பிட்டு விரதம் இருந்து, பக்கத்துத் திருமங்கலக்குடி பிராணநாதரை வணங்கிக் குணமடைந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த இடம்தான் சூரியனார்கோயில். சாம்பன் கதையில் நோயைத் தீர்த்தவர், இங்கே தானே நோயாளி.

போகிறவர்கள் முறைப்படி முதலில் திருமங்கலக்குடிக்குப் போய்விட்டு இங்கே வருவார்கள். உள்ளே நுழைந்ததும் நந்தியைத் தேடாதீர்கள். அந்த இடத்தில் குதிரை இருக்கும். மூலவர் நின்ற கோலம், இருபுறமும் தேவியர் உஷா, சாயா. உற்றுப் பாருங்கள், கையில் வில் கிடையாது. சூரியன் காலில் பூட்ஸும் கிடையாது. நேர் எதிரே குரு நிற்கிறார்; சூரியனின் உக்கிரத்தைத் தணிப்பதற்காக அவரை எதிரில் வைத்ததாகச் சொல்வார்கள். மற்ற ஏழு கிரகங்களுக்கும் திருச்சுற்றில் தனித்தனிச் சன்னதி. நம்மூர்ச் சிவன் கோயிலில் ஒரே மேடையில் நெருக்கிக்கொண்டு, ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கிறவர்கள் இங்கே ஆளுக்கொரு வீட்டில், சூரியனை நோக்கியபடி இருக்கிறார்கள். சுற்றி வரச் சற்று நேரம் பிடிக்கும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், கல்தரை சுடும்.